நடேசனுக்கு எந்த அப்பா?

இளம் உதவியாசிரியர்களே, போன வாரம் உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். பெயர் சொல்ல மாட்டேன். இதைப் படிக்கும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்த்து நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். "சார், தொடர்கதைக்குக் கடைசி அத்தியாயம் வந்திருக்கு. சகிக்கல. எழுதினவர்கிட்ட சொன்னா குதிப்பார். சத்தம் போடாம நானே ரெண்டு பக்கத்த மாத்திடட்டுமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பாவம், அவர் முகம் சுண்டிப் போயிற்று. தம்பி, உம்மைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. அதே எண்ணம் என் மனதிலும் ஒரு நாள் வந்தது. அன்று அதற்கு இடம் கொடுத்திருந்தால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்று போயிருக்கும். அந்த நாளை நினைத்துத்தான் சிரித்தேன்.

அவருக்கு வாயால் சொன்னதை எல்லாருக்குமாக எழுதிவிடுகிறேன். பக்கம் கட்டுவது, அச்சுப்படியை மூலத்தோடு ஒப்பு நோக்குவது எல்லாம் உங்களுக்கு ஆபீசிலேயே சொல்லித் தருவார்கள். இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள்.

நான் உதவியாசிரியராகச் சேர்ந்த மாதப் பத்திரிகை திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கீழே அச்சுக்கூடம், மாடியில் ஆபீஸ், பக்கத்துக் கட்டடம் மிளகாய் மண்டி. கதையை ஒப்பு நோக்கும்போது கண்ணில் நீர் வந்தால், அது கதையின் உருக்கமா மண்டியின் நெடியா என்று யாராலும் சொல்ல முடியாது. எழுத்தாளர்களிடம் மட்டும் "அழுதுவிட்டேன் ஐயா" என்று சொல்லிவிடுவோம். பொய் இல்லையே!

கீழே எழுத்துக் கோக்கிறவர்களை விட்டால், பத்திரிகைக்கு ஆட்கள் என்று மூன்று பேர்தான். முதலாளியும் ஆசிரியரும் ஒருவரே. நாஞ்சில் நாட்டுப் பிள்ளை. நானும் நாஞ்சில் நாட்டுக்காரன்தான். மூன்றாமவர் அச்சுக்கூட மேஸ்திரி, ஒரு நாயர். தமிழ் எழுத்தை அச்சில் தலைகீழாகப் பார்த்தால் கடகடவென்று வாசிப்பார். காகிதத்தில் நேராகக் கொடுத்தால் கொஞ்சம் திணறுவார்.

எங்கள் மூவரையும் பற்றி இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் மூன்று குடும்பங்களிலும் அந்நாளில் மருமக்கள்வழி. அதாவது, சொத்தும் பேரும் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகாது. மாமனிடமிருந்து சகோதரியின் பிள்ளைக்குப் போகும். என் அப்பா எனக்கு மிட்டாய் வாங்கித் தருவார், காது திருகுவார், அவ்வளவுதான். கல்யாணமா, படிப்பா, வயலா, எல்லாவற்றுக்கும் மாமா வாயைத்தான் பார்க்க வேண்டும். சட்டம் மாறி வந்துகொண்டிருந்த காலம்தான். ஆனால் சட்டம் மாறிய வேகத்துக்கு எங்கள் புத்தி மாறவில்லை.

அப்போது எங்கள் பத்திரிகையில் ஒரு தொடர்கதை ஓடிக்கொண்டிருந்தது. எழுதியவர் கரமனையில் குடியிருந்த ஓய்வு பெற்ற தாசில்தார். புனைபெயரில் எழுதினார், எழுதுவது அவர்தான் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கதாநாயகி வசுமதி, பெரிய வக்கீலின் மகள். கதாநாயகன் நடேசன், கல்யாணச் சமையல்காரரின் மகன். நன்றாகப் படித்தவன், நல்லவன், அழகன். இரண்டு குடும்பமும் பிராமணக் குடும்பங்கள்தான். ஒரே பஞ்சாங்கம், ஒரே ஆற்றில் குளியல். ஆனால் வக்கீல் வீட்டுக்குச் சமையல்காரர் வந்தால் கொல்லைப்புறக் கதவு வழியாகத்தான் வருவார். அங்கேதான் கதை முடிச்சுப் போட்டுக்கொண்டு நின்றது.

ஐயோ, என்ன வரவேற்பு! கரமனை, வலியசாலை, கோட்டைக்குள் என்று அக்கிரகாரத் தெருக்கள் முழுக்க அதே பேச்சு. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர் ஒரே பிரதியை வாங்கி லயத்துக் கூலி ஜனங்களுக்கெல்லாம் உரக்க வாசித்துக் காட்டுவதாக எழுதினார். "நடேசனுக்கு வசுமதியைக் கொடுக்காவிட்டால் இங்கே கொழுந்து பறிக்க ஆள் வராது" என்று மிரட்டல் வேறு! எங்கள் ஆசிரியர் கதையை இன்னும் கொஞ்சம் நீட்டச் சொன்னார். தாசில்தாரும் சளைக்காமல் நீட்டினார்.

அந்தக் காலக் கதைகளின் சம்பிரதாயம் உங்களுக்குத் தெரியாது. கதாநாயகன் ஏழையாக இருந்தால் அவன் உடம்பில் எங்கேயாவது ஒரு மச்சம் இருந்தே தீரும். கடைசி அத்தியாயத்தில் ஒரு கிழவி சாகக் கிடப்பாள். அந்த மச்சத்தைப் பார்த்து, "ஐயோ, இவன் இன்னாருடைய பிள்ளை அல்லவா!" என்று கதறிவிட்டுச் செத்துப்போவாள். ஏழைக்குப் பணக்காரப் பெண்ணைக் கொடுத்த பாவமும் எழுதியவருக்கு வேண்டாம், காதலைப் பிரித்த பாவமும் வேண்டாம்.

தாசில்தாரும் அப்படியேதான் அனுப்பியிருந்தார். நடேசனின் தோளில் மச்சம். அவன் சமையல்காரரின் மகனே இல்லை. கதையில் முன்பே வந்துபோன ஒரு ஜமீன்தாரின் மகன், குழந்தையில் கோயில் ஆராட்டு ஊர்வலக் கூட்டத்தில் தொலைந்துபோனவன். வக்கீலுக்கு ஆனந்தம். கல்யாணம். சுபம்.

ஆசிரியர் படித்துவிட்டு, "பேஷ்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சகோதரி மகனுக்குக் கல்யாணம் என்று நாகர்கோவிலுக்குக் கிளம்பிப் போய்விட்டார். நானும் படித்தேன், ஒரு குறையும் தெரியவில்லை. மேஸ்திரிக்குக் கதைச் சுருக்கத்தைச் சொன்னேன். அவர், "அச்சன் மாறினா எந்தா ஸாரே? அம்மாவன் ஆரு, அது பறயணும்" என்றார். அப்பா யாராயிருந்தால் என்ன, தாய்மாமன் யார் என்று சொல்லு என்கிறார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் காலை மாடிப்படியில் வளையல் சத்தம் கேட்டது. பெண்கள் ஆபீசுக்கு வருகிற காலம் இல்லை அது. நான் பதறி எழுந்து நின்றேன். மடிசார் கட்டிய ஒரு அம்மாள், பின்னால் ஒரு பெண். அம்மாள் பெயர் மீனாட்சி, பெண் விசாலம். விசாலத்தின் அப்பா ஹஜூர் கச்சேரியில், அதாவது சர்க்கார் தலைமை ஆபீசில், நல்ல உத்தியோகத்தில் இருந்தார்.

"ஸார், ஒரே ஒரு சமாசாரம் கேட்டுட்டுப் போயிடறேன்" என்றார் அம்மாள். "நடேசனுக்கு வசுமதியைக் கொடுக்கப் போறேளா, இல்லையா?"

"அம்மா, கதையின் முடிவை முன்கூட்டிச் சொல்வது வழக்கமில்லை."

"வழக்கமெல்லாம் எனக்கும் தெரியும். இது வேற காரியமாக்கும்." நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே கொட்டினார்.

விசாலத்துக்கு ஒரு வரன் வந்திருந்தது. பையன் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான். ஜாதகம் பொருந்தியிருக்கிறது, அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது, விசாலத்துக்கும் பிடித்திருக்கிறது. பையனுடைய அப்பா கிட்டு ஐயர். அந்தப் பெயர் போதும், ஊரில் பெரிய கல்யாணம் என்றால் சமையல் அவர்தான். அங்கேதான் விசாலத்தின் அப்பா முரண்டு பிடித்தார். கரண்டி பிடிக்கிறவன் பிள்ளைக்குப் பெண்ணைக் கொடுத்தால் கச்சேரியில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது என்பது அவர் கேள்வி.

"நான் நம்ம கதையை எடுத்து நீட்டினேன். 'நடேசன் கதையை ராத்திரி பகலா படிக்கறேளே, அழறேளே, அது மட்டும் என்னவாம்'னு கேட்டேன். அதுக்கு என்ன சொன்னார் தெரியுமோ? 'அடி அசடே, அந்தக் கதைக்காரன் காகிதத்துல கல்யாணம் பண்ணறான். அவனுக்கு ஒரு காலணா நஷ்டமில்லை. அவனே கொடுக்க மாட்டான், பாத்துண்டே இரு. நடேசனைக் கடைசியில ஜமீன்தார் பிள்ளையா ஆக்கிட்டுத்தான் கொடுப்பான். கதையிலயே நடக்காததை என்னைப் பண்ணச் சொல்றயே'ன்னார். எனக்கு ரோஷம் வந்துடுத்து. 'கதையில கொடுத்துட்டா?'ன்னேன். 'சமையல்காரன் பிள்ளையாவே வெச்சுண்டு கொடுத்தானானா நானும் கொடுக்கறேன், போ'ன்னுட்டார். அவர் சொன்னா சொன்னதுதான். வாக்கு மாற மாட்டார்."

கடைசி அத்தியாயம் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. விசாலத்தின் அப்பா சொன்னது அப்படியே நடந்திருந்தது.

"பையனுக்குப் பாலக்காட்டுலேருந்து வேற இடம் வந்திருக்கு" என்று அம்மாள் தொடர்ந்தார். "இந்த வாரம் பதில் சொல்லணும்னு கிட்டு ஐயர் சொல்லி அனுப்பிட்டார். அதனாலதான் வெக்கத்தை விட்டு வந்தேன்."

பின்னால் நின்ற விசாலம், "அம்மா, போலாம் வா" என்றாள். "எனக்காகக் கதையை மாத்தினா அது கதையா? அப்பாவை ஏமாத்தி ஒண்ணும் எனக்கு வேண்டாம்." கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் அசையவில்லை. சபாஷ் என்று சொல்லத் தோன்றியது. உதவியாசிரியர் அப்படியெல்லாம் சொல்லக்கூடாது என்பதால் பேனாவை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அம்மாள் படி இறங்கப் போனவர் திரும்பி நின்றார். "ஆனா எனக்கு நம்பிக்கை இருக்கு ஸார். இவ அப்பா சொல்றாப்பல ஆகவே ஆகாது. அந்த ஜமீன்தாரும் வக்கீலும் தாயாதி ஆச்சே! ஜமீன்தாரோட அம்மா செத்துப்போய், வக்கீலாத்துல பத்து நாள் தீட்டுக் காத்தாளே, நீங்கதானே போட்டேள்? அந்தத் தீட்டாலதானே வசுமதிக்குப் பாத்த அந்த வேற மாப்பிள்ளை தட்டிப்போச்சு? நடேசன் ஜமீன்தார் பிள்ளையானா வசுமதிக்கு அண்ணனாயிடுவான். அண்ணனுக்கும் தங்கைக்கும் கல்யாணம் பண்ணுவேளோ?"

"இதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னீர்களா?" என்றேன்.

"சொல்லாமலா? எழுதறவன் என்ன வேணா பண்ணுவான்னுட்டார். ஆம்பளைகள் எப்போ தீட்டை ஞாபகம் வெச்சிண்டிருக்கா? குளின்னா குளிப்பா, தொடாதேன்னா தள்ளி உக்காருவா, அவ்வளவுதான்."

அவர்கள் போனதும் இழுப்பறையைத் திறந்து அந்த அத்தியாயத்தை மறுபடி எடுத்தேன். எங்கள் மூவருக்கும் ஏன் இது உறைக்கவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். அப்பா வழிப் பங்காளி பிள்ளைகள் எல்லாரும் அண்ணன் தங்கை, அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது என்பது அக்கிரகாரத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்களுக்கோ அப்பா வழி என்பதே கோடை காலத்து வாய்க்கால் மாதிரி, இருக்கிறது, தண்ணீர்தான் கிடையாது. ஜமீன்தார் வீட்டுத் தீட்டை நான்தான் ஒப்பு நோக்கி அச்சுக்கு அனுப்பினேன். அந்த ஜமீன்தாரின் மகனுக்கு வசுமதியைக் கட்டிவைக்கும் அத்தியாயத்தையும் நானே 'நன்று' என்று இழுப்பறையில் வைத்தேன். இது மட்டும் வெளியே போயிருந்தால் கரமனையிலிருந்து கோட்டை வரை சந்தி சிரித்திருக்கும்.

கீழே ஓடி மேஸ்திரியிடம் சொன்னேன். மறுநாள் தம்பானூரிலிருந்து செங்கோட்டை வழியாகத் திருநெல்வேலிக்குப் போகிற வண்டியில் பார்சல் ஏற வேண்டும். அன்று சாயங்காலத்துக்குள் கடைசிப் பாரத்தை, அதாவது கோத்த பக்கங்களை, அச்சு இயந்திரத்தில் பூட்டியாக வேண்டும்.

"இதுக்கா ஸாரே இத்தன பரிப்பிரமம்?" என்றார் மேஸ்திரி. "ஜமீன்தாரை விட்டுக்களயு. நடேசன் குசினிக்காரன் மகன், கல்யாணம் நடந்துன்னு நாலு வரி எழுதித்தா. ஞான் எழுத்து கோத்துத் தரேன். தாசில்தார் சோதிச்சா அச்சுப்பிழைன்னு பறயாம்!" தாசில்தார் கேட்டால் அச்சுப்பிழை என்று சொல்லிவிடலாம் என்கிறார்.

தம்பிமார்களே, அங்கேதான் என் கால் வழுக்கப் பார்த்தது. நாலு வரி! எனக்கு எழுதத் தெரியாதா? கதையும் பிழைக்கும், விசாலத்தின் கல்யாணமும் நடக்கும், நானும் ஒரு பெரிய புண்ணியவான் என்று மார் தட்டிக்கொள்ளலாம். பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன். ஆனால் அந்தப் பெண் படிக்கட்டில் நின்று சொன்னது காதை விட்டுப் போகவில்லை. அப்பாவை ஏமாற்றி ஒன்றும் வேண்டாம் என்றாளே! அவள் அப்பா பந்தயம் கட்டியது தாசில்தார் மனதோடு. என் நாலு வரியோடு அல்ல. நான் எழுதினால் அது கள்ளக் காசு.

பேனாவை மூடினேன். குடையை எடுத்துக்கொண்டு கரமனைக்கு நடந்தேன். போகும் வழியில் ஒரு தீர்மானம் செய்துகொண்டேன். தாசில்தாரிடம் தீட்டைப் பற்றி மட்டும் பேச வேண்டும். கதையில் இருக்கும் பிழையைக் காட்டுவது என் வேலை, அதற்குத்தான் எனக்குச் சம்பளம். விசாலத்தைப் பற்றி மூச்சுக்கூட விடக்கூடாது. ஒரு குடும்பத்துக்காகச் சிபாரிசு செய்தால், அவர் கதையில் நான் கை வைத்தது மாதிரிதான்.

தாசில்தார் முன்னறையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பொங்கிவிட்டார். "என்ன ஓய், என் கதையில நீர் தீட்டுப் பாக்கறீரா? நான் எத்தனை கிராமத்துக்கு எல்லை பிரிச்சவன் தெரியுமா?" என்று எழுந்தே விட்டார். தீட்டு வந்திருந்த ஐப்பசி இதழை அவர் முன் விரித்தேன். படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். பிறகு மெள்ள உட்கார்ந்தார். நீட்டச் சொன்னதால் அவசரத்தில் தீட்டைக் கொண்டுவந்து போட்டவர், போட்டதையே மறந்திருந்தார்.

"சரி, வக்கீல் சிநேக முறையில தீட்டுக் காத்தார்னு ஒரு வரி சேர்த்துட்டா?"

உள்கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம். அவர் மனைவி. "சிநேகிதத்துக்கெல்லாம் தீட்டுக் காத்தா ஹஜூர் கச்சேரி வருஷம் பூரா பூட்டிக் கிடக்கும்" என்றார்.

"நீ சும்மா இரு. அப்போ வேற ஒரு ஜமீன்தாரைக் கொண்டு வந்துடறேன். இவருக்கும் வக்கீலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. போதுமா?"

"கடைசி அத்தியாயத்துல புதுசா ஒரு ஜமீன்தாரா? இத்தன நாள் எங்க ஒளிஞ்சிண்டிருந்தார்? நம்ம ஊர்ல ஒரு ஜமீன்தார் கிடைக்கறதே துர்லபம், நீங்க ஜோடியா கொண்டு வரேள்!"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்தால் வேலை போய்விடும். ஆனால் தாசில்தார் நிஜமாகவே இரண்டாவது ஜமீன்தாருக்குப் பெயர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். என் நாக்கு துடித்தது. 'ஐயா, ஒரு பெண் காத்திருக்கிறாள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனுஷர் இளகிவிடுவார். சொல்லவில்லை. அந்த நேரம் என் வாயை மூடி வைத்திருந்ததைப் போன்ற கஷ்டமான வேலை என் உத்தியோகத்தில் பிறகு வரவே இல்லை.

அப்போது அவர் மனைவி கதவை விட்டு வெளியே வந்தார். இப்போது சிரிப்பு இல்லை.

"நான் ஒண்ணு கேட்கறேன், கோவிச்சுக்காதேள். நடேசனோட அப்பா என்ன தப்பு பண்ணினார்?"

"எந்த அப்பா?"

"சமையல்காரர். அவர்தானே அப்பா? அடுப்புல வெந்து, ஊர் ஊரா கல்யாணத்துக்குப் போய் அந்தப் பிள்ளையைப் படிக்க வெச்சார். எவ்வளவு ஆசையா எழுதினேள் அதை! நான் அழுதேனே. கடைசியில 'உன் பிள்ளை இல்லை, ஜமீன்தார் பிள்ளை'ன்னு பிடுங்கிண்டு போறேள். அப்புறம் அந்த மனுஷன் என்ன ஆனார்? கல்யாணத்துல இருந்தாரா? சாப்பிட்டாரா? ஒரு வரி எழுதினேளா?"

தாசில்தார் எழுதவில்லை. மச்சம் கிடைத்த பிறகு அந்தச் சமையல்காரர் கதையில் எங்கேயுமே இல்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை. எங்கள் மூவரில் ஒருவரும் கவனிக்கவில்லை.

தாசில்தார் ஐப்பசி இதழை மூடி ஒதுக்கி வைத்தார். பிறகு, "மையைக் கொண்டா" என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மச்சம் போயிற்று, கிழவி போனாள், ஜமீன்தார் போனார். எழுதிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றுவிட்டார். "ஓய் பிள்ளைவாள், வக்கீல் எப்படிச் சம்மதிப்பான்? நான் அவனை இத்தனை நாளா எவ்வளவு உசரத்துல ஏத்தி வெச்சிருக்கேன்!" என்றார். அவரே தலையை ஆட்டிக்கொண்டு ஒரு வரி எழுதினார்: 'வக்கீல் நீண்ட நேரம் யோசித்தார். பிறகு, சரி என்றார்.' அவ்வளவுதான். பின்னால் இதற்காக எங்களுக்கு எத்தனை வசவு வந்தது தெரியுமா? இவ்வளவு நாள் இழுத்துவிட்டு ஒரே வரியில் சம்மதமா என்று. தாசில்தார் அசையவே இல்லை. "பின்னே? மனுஷன் சம்மதிக்கிறபோது அவ்வளவுதான் பேசுவான்" என்பார்.

காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகச் சாலைக் கடைத்தெருவுக்கு வந்தேன். மேஸ்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். முதல் பக்கத்தை வாங்கிப் பார்த்தவர், "ஆஹா, குசினிக்காரன் ஜெயிச்சு!" என்று கூவி, எழுத்துக் கோக்கிறவர்களையெல்லாம் விரட்ட ஆரம்பித்தார். பார்சல் வண்டி ஏறியது. நாகர்கோவிலிலிருந்த ஆசிரியருக்கு நடந்ததை எல்லாம் எழுதிப் போட்டேன். "தாசில்தார் கையால் எழுதியது என்றால் சரி" என்று ஒரு வரி பதில் வந்தது.

இதழ் உள்ளூரில் போய்ச் சேர்ந்த மறுநாள், மாடிப்படியில் செருப்புச் சத்தம். தலைப்பாகை, கோட்டு, கையில் எங்கள் பத்திரிகை. அவர் பேர் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. விசாலத்தின் அப்பா.

"என் ஆத்துக்காரி இங்க வந்தாளாமே?"

"வந்தார்கள். முடிவு என்ன என்று கேட்டார்கள். நான் சொல்லவில்லை."

"அவ வந்தப்போ முடிவு இதுதானா?"

பொய் சொல்ல முடியாது. "இல்லை" என்றேன். அவர் புருவம் ஏறியது. "கதையில் ஒரு பிழை இருந்தது. ஜமீன்தாரும் வக்கீலும் தாயாதிகள். அதை எழுதியவரிடம் காட்டினேன். அவரே மாற்றி எழுதினார்."

"நீர் கை வெக்கலியே?"

"ஒரு எழுத்துக்கூட."

"எங்காத்து விஷயத்தை அவர்கிட்ட சொன்னீரா? உள்ளதைச் சொல்லும். இரக்கப்பட்டு எழுதியிருந்தார்னா என் வாக்கு என்னைக் கட்டாது."

"உங்கள் வீட்டில் ஒரு பெண் இருப்பது அவருக்கு இன்று வரை தெரியாது."

என்னை உற்றுப் பார்த்தார். கச்சேரியில் எத்தனை பேர் முகத்தைப் பார்த்துப் பொய்யையும் மெய்யையும் பிரித்தவரோ! நானும் கண்ணைத் தாழ்த்தவில்லை. தாழ்த்த வேண்டிய காரியம் எதையும் செய்யவில்லையே. அந்த நாலு வரியை மட்டும் எழுதியிருந்தேனானால், தம்பிகளே, அந்த இடத்தில் நான் என்ன முழி முழித்திருப்பேன் என்று நினைத்துப் பாருங்கள்.

அவர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "போச்சு, தப்பிக்க ஒரு வழியும் இல்லை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்ல பையன் ஓய். எனக்கும் பிடிக்காம இல்லை. யாராவது ஒருத்தன் முதல்ல பண்ணித் தொலைச்சா தேவலைன்னு இருந்தது" என்றார்.

கல்யாணத்துக்கு எங்களுக்கும் அழைப்பு வந்தது. எனக்கும் மேஸ்திரிக்கும் இலை பக்கத்து வீட்டு முற்றத்தில். பிராமணர் அல்லாதவர்களுக்கு அந்நாள் வழக்கம் அது. ஒரு கதை எல்லா வேலியையும் ஒரே நாளில் பிடுங்கிப் போட்டுவிட்டது என்று உங்களிடம் அளக்க மாட்டேன். ஆனால் முதல் பந்தியைப் பந்தல் வாசலில் நின்று பார்த்தோம்.

அந்தக் கல்யாணத்துக்குச் சமைக்க ஊரில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லையாம். கிட்டு ஐயர் சாப்பிட உட்காருகிற பந்திக்கு யார் துணிந்து சாம்பார் வைப்பார்கள்? கடைசியில் அவரிடமே வேலை பழகிய ஒருவர் நடுங்கிக்கொண்டு வந்தார். கிட்டு ஐயரோ எத்தனையோ கல்யாணம் நடத்தியவர், ஒன்றிலும் பந்தியில் உட்கார்ந்ததில்லை. மற்ற எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சமையல்காரர்கள் அடுப்படியிலேயே சாப்பிடுவதுதான் வழக்கம். பட்டு வேஷ்டியோடு அவர் அடுக்களைப் பக்கம் நழுவுவதும், யாராவது கையைப் பிடித்து இழுத்து வருவதுமாக இருந்தது. இலை போட்டாயிற்று. கச்சேரிப் பெரிய மனிதர்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிட்டு ஐயர் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

விசாலத்தின் அப்பா போய் அவரைத் தோளைப் பிடித்து முதல் இலையில் உட்கார வைத்தார். பரிமாறுகிறவர் கையிலிருந்த சாம்பார் வாளியை வாங்கினார். தானே குனிந்து ஊற்றினார். கிட்டு ஐயர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். குனிந்தபடியே விசாலத்தின் அப்பா கேட்டார்.

"எப்படி?"

கிட்டு ஐயர் சங்கடமாக நெளிந்தார். சமையல் விஷயத்தில் அந்த மனிதருக்குப் பொய் வராது. "உப்பு... ஒரு கல் கூடிப்போச்சு" என்றார், மிக மெதுவாக.

விசாலத்தின் அப்பா வாளியோடு நிமிர்ந்தார். கச்சேரி வரிசையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, தெருக்கோடி வரை கேட்கும்படி கத்தினார்: "சாம்பார்ல உப்பு ஜாஸ்தியாம்! எங்க சம்பந்தி சொல்றார்!"

அடுக்களை அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.